விதியைப் படித்தால் வண்டி புரியும்: பழைய பந்தயக் கார்கள் பற்றிய கேள்வி பதில்

பழைய பந்தயக் கார்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சில கேள்விகள் வரலாற்றைப் பற்றியவை, சில பட்டறை வேலையைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்காமல் கலந்தே தந்திருக்கிறோம். இந்த வண்டிகளைப் பொறுத்தவரை ஒன்று தெரியாமல் மற்றது முழுதாகப் புரியாது.

கேள்வி: அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது பழைய பந்தயக் கார்கள் எல்லாமே நீண்ட மூக்கும் ஒல்லிச் சக்கரமுமாக ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

பதில்: ஆண்டிலிருந்து தொடங்குங்கள். பந்தய வண்டியை யாரும் தன் இஷ்டத்துக்கு வடிவமைத்ததில்லை. அந்த ஆண்டின் விதி எதைத் தடுத்தது, எதைத் தடுக்காமல் விட்டது என்று பார்த்து, அந்த இடைவெளிக்குள் வண்டியை நுழைத்தார்கள்.

1906இல் லு மான் அருகே நடந்த முதல் கிராண்ட் பிரிக்ஸில் எடைக்கு மட்டும்தான் உச்சவரம்பு: 1,000 கிலோ. எஞ்சின் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். வென்ற ரெனோ வண்டியில் நான்கே சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு கிட்டத்தட்ட 13 லிட்டர். ஒரு சிலிண்டரே மூன்று லிட்டருக்கு மேல். அந்தப் பந்தயம் இரண்டு நாளில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஓட்டுநர் ஃபெரென்ட்ஸ் சிஸ் வென்றதில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கோ, கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் விளிம்புகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. மற்றவர்கள் சக்கரத்திலிருந்து டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ரெனோ ஆட்கள் விளிம்போடு சேர்த்து மாற்றிவிட்டுப் புறப்பட்டார்கள்.

பிறகு வரம்பு எஞ்சினுக்கு வந்தது. 1914இல் 4.5 லிட்டர், 1921இல் 3, 1922இல் 2, 1926இல் 1.5. அளவு சுருங்கச் சுருங்க, சுழற்சி வேகத்தைக் கூட்டியும் சூப்பர்சார்ஜரால் காற்றைத் திணித்தும்தான் சக்தி எடுக்க முடிந்தது. 1927இன் டெலாஜ் இந்த வழியின் உச்சம். 1.5 லிட்டர், வரிசையாக எட்டு சிலிண்டர், நிமிடத்துக்கு 8,000 சுழற்சி. அந்த ஆண்டின் நான்கு பெரிய பந்தயங்களையும் ரொபேர் பெனுவா அதில்தான் வென்றார்.

1934இல் விதி தலைகீழானது. எரிபொருள், எண்ணெய், தண்ணீர், டயர் நீங்கலாக வண்டி 750 கிலோவைத் தாண்டக் கூடாது, எஞ்சின் அளவுக்குத் தடையில்லை. எடையைக் கட்டிப்போட்டால் எஞ்சினும் சிறுத்துவிடும் என்பது விதி எழுதியவர்களின் கணக்கு. ஜெர்மானியப் பொறியாளர்கள் இலேசான கலப்பு உலோகங்களால் சட்டகத்தையும் உடலையும் மெலியவைத்து, மிச்சமான எடையையெல்லாம் எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். 1937இன் மெர்சிடிஸ் டபிள்யூ 125இல் 5.66 லிட்டர், 550 குதிரைத்திறனுக்கு மேல். கிராண்ட் பிரிக்ஸில் அந்த அளவு சக்தி மறுபடி தென்பட 1980களின் டர்போ காலம் வர வேண்டியிருந்தது.

ஆண்டுக்கு அடுத்து முன்சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் இருக்கிறதா? 1914இல் லியோன் பந்தயத்துக்குப் பெஜோ நான்கு சக்கர பிரேக்கோடு வந்தது. பின்சக்கர பிரேக் மட்டுமே இருந்த மெர்சிடிஸ் வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. ஆனாலும் பெஜோவின் வழிதான் நிலைத்தது. பிறகு இருக்கையைப் பாருங்கள். 1925 முதல் கிராண்ட் பிரிக்ஸில் ஓட்டுநரோடு மெக்கானிக் செல்லக் கூடாது என்றானது. ஆனால் வண்டியில் இரண்டாள் அகலம் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்து வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் வெற்றிடம் தெரிந்தால் காரணம் இதுதான்.

பூகாட்டி 35 கண்ணில் பட்டால் அதன் முன்னால் அரை மணி நேரமாவது நில்லுங்கள். முன் ஆக்ஸில் உள்ளீடற்றது. ஸ்பிரிங் பட்டைகள் அதன்மேல் உட்காராமல், அதிலேயே அமைக்கப்பட்ட சதுரத் துளைகளின் ஊடே நுழைந்து செல்லும். அலுமினியச் சக்கரமும் பிரேக் டிரம்மும் சேர்ந்தே கழலும். டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் ஷூ கண்ணெதிரே தெரியும். தேய்மானத்தை அப்போதே பார்த்துவிடலாம். பட்டையான ஆரங்கள் டிரம்மின் சூட்டையும் இறக்கும். அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கும் பாகம் ஒவ்வொன்றுக்கும் அந்த வண்டியில் ஒரு வேலை உண்டு.

கேள்வி: எடை ஒரு கிலோ கூடியதால் இரவோடு இரவாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்டியதில்தான் மெர்சிடிஸ் ‘வெள்ளி அம்பு’ பிறந்தது என்கிறார்கள். உண்மையா?

பதில்: கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஜூன் 1934, நூர்பர்க்ரிங், ஐஃபல் பந்தயம். புதிய டபிள்யூ 25 எடைத் தராசில் 751 கிலோ காட்டுகிறது. அணி மேலாளர் ஆல்ஃப்ரெட் நொய்பாவரின் ஆட்கள் பெயின்டைச் சுரண்டுகிறார்கள், காலையில் வண்டி வெற்று அலுமினியமாக மின்னுகிறது. பல ஆண்டுகள் கழித்து நொய்பாவரே சொன்ன கதை இது.

இடிக்கும் இடம் எது என்றால், அந்த ஐஃபல் பந்தயம் 750 கிலோ விதிப்படி நடக்கவில்லை. கட்டுப்பாடற்ற பிரிவில் நடந்தது. எடை வரம்பே இல்லாத பந்தயத்துக்கு ஒரு கிலோவைச் சுரண்ட வேண்டிய அவசியம் என்ன? மேலும், 1932இல் பெர்லின் ஆவுஸ் தடத்தில் ஃபான் பிரவுகிச் ஓட்டிய மெர்சிடிஸ் எஸ்எஸ்கேஎல் ஏற்கெனவே பெயின்ட் இல்லாத அலுமினிய உடலோடுதான் வந்தது. போட்டியாளரான ஆட்டோ யூனியனும் 1934இல் வெள்ளி நிறத்திலேயே களமிறங்கியது. வெள்ளி நிறம் ஒரே இரவில் வந்ததல்ல என்பது எங்கள் முடிவு. கதை சுவையானதுதான், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெள்ளை ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1900இல் தொடங்கிய கோர்டன் பென்னெட் கோப்பையில் நாட்டுக்கொரு நிறம் என்ற வழக்கம் பிறந்தது. பிரான்ஸ் நீலம், பெல்ஜியம் மஞ்சள், ஜெர்மனி வெள்ளை. 1903இல் அயர்லாந்தில் பந்தயம் நடந்தபோது பிரிட்டன் பச்சைக்கு வந்தது. இத்தாலியின் சிவப்பு பிறகு நிலைபெற்றது. 1968இல் விளம்பரதாரர் வண்ணங்கள் நுழைந்த பிறகு இந்த வழக்கம் தேய்ந்தது.

கேள்வி: பழைய பந்தய வண்டி ஒன்று பல மாதமாக நின்றுவிட்டது. மீண்டும் ஸ்டார்ட் செய்ய என்ன முறை?

பதில்: அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்ததால் கெட்ட எஞ்சின்கள், பந்தயத்தில் கெட்டவற்றுக்குக் குறைந்தவை அல்ல. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் எரிபொருள். பழையதை முழுக்க இறக்கிவிடுங்கள். மெத்தனால் ஓடிய வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் அரிக்கும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூளோ கூழோ தங்கியிருக்கும், அதில் ஒரு துணுக்கு, எரிபொருள் போகும் நுண்துளையான ஜெட்டை அடைத்தால் போதும். அந்த சிலிண்டருக்கு எரிபொருள் குறைந்து பிஸ்டன் உருகும். அடுத்த முறை நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் பெட்ரோலால் குழாய்களை அலசிவிட்டால் இந்தத் தொல்லை வராது. ரப்பர் குழாய்கள் கெட்டித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றுங்கள். சிறிது ஊற விட்டு, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக நின்றால் பலம் கொடுக்காதீர்கள். வால்வு ஒட்டியிருக்கலாம், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பலத்தால் சுற்றினால் வளைவது கனெக்டிங் ராடு.

உலர் சம்ப் எஞ்சினில் இன்னொரு விஷயம். தனித் தொட்டியில் இருக்க வேண்டிய எண்ணெய், நின்றிருந்த மாதங்களில் பம்ப் பற்களின் இடைவெளி வழியாகக் கசிந்து எஞ்சின் அடியில் சேர்ந்திருக்கும். தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் எண்ணெய் எல்லா ஓட்டையிலும் பீய்ச்சும். அடியில் உள்ளதை இறக்கி, தொட்டியில் புதிது நிரப்புங்கள். அளவுக்கோலை நம்புவது எஞ்சின் ஓடிச் சூடான பிறகுதான்.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, பத்துப் பத்து வினாடியாகச் சுற்றி எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை பொறுங்கள். வெள்ளை உலோக பேரிங்குகள் எண்ணெய்ப் படலம் இல்லாமல் ஓடும் முதல் சில வினாடிகளில்தான் அதிகம் தேய்கின்றன. இதைச் செய்யும்போது, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் வயர்களைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. பாயும் வழி கிடைக்காத மின்னழுத்தம் உள்ளேயே பொறி தெறித்து இன்சுலேஷனைத் துளைக்கும். வயர் ஒவ்வொன்றும் எர்த்தோடு சேர்ந்திருக்கட்டும்.

இப்போது பிளக். சூடேற்ற ஒரு செட், பந்தயத்துக்கு வேறு செட் என்று அந்தக் கால மெக்கானிக்குகள் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பந்தய பிளக் தன் வெப்பத்தை வேகமாக இறக்கிவிடும், குளிர்ந்த எஞ்சினில் அது கரி படிந்து செத்துவிடும். சூடேற்றும் பிளக்கோ முழு வேகத்தில் பழுத்துச் சிவந்து, பொறி வரும் முன்னே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது அப்படித்தான். மாற்ற மறக்காதபடி ஸ்டியரிங்கில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் பத்து வினாடிக்குள் அழுத்தமானி ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஏறினால், மிகத் தாழ்ந்த வேகத்தில் முனகவிடாமல் 1,500 முதல் 2,000 சுழற்சியில் வையுங்கள். பல பழைய எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் போதிய அளவு போவது அந்த வேகத்தில்தான். எண்ணெய் 60 டிகிரி தொடும்வரை ஆக்ஸிலரேட்டரைச் சீண்ட வேண்டாம்.

தீயணைப்பான் பிடித்த ஆள் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்கட்டும். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காற்று நடுங்குவதும் பெயின்ட் கொப்பளிப்பதும்தான் அடையாளம். மெத்தனால் தண்ணீரோடு கலக்கும் என்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றி அதை அணைக்கலாம். பெட்ரோல் தீக்கு அதே வேலையைச் செய்தால் தீ பரவும். தொட்டியில் என்ன இருக்கிறது என்று தீயணைப்பான் பிடித்தவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பழைய பந்தயங்களில் வரும் அந்தத் தனி வாசனை விளக்கெண்ணெய்தானா? என் பழைய எஞ்சினுக்கும் ஊற்றலாமா?

பதில்: ஆமாம், ஆமணக்கு எண்ணெய்தான். உலோகத்தில் கெட்டியாக ஒட்டும், பெட்ரோல் அதை எளிதில் கழுவிவிடாது, கடும் சூட்டிலும் படலம் கிழியாது. அந்தக் காலத்துக் கனிம எண்ணெய்களால் இந்த மூன்றும் முடியவில்லை.

ஆனால் அது காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். பிஸ்டன் ரிங்குகளைப் பள்ளத்திலேயே ஒட்டவைக்கும், எண்ணெய்த் துளைகளை அடைக்கும், குளிரில் தேன்போல் கெட்டியாகும். கனிம எண்ணெயோடு கலந்தால் இரண்டும் சேராமல் பிரிந்து சேறாகும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதென்றால் எஞ்சினைப் பிரித்துத் துப்புரவாகக் கழுவிய பிறகுதான். பந்தயம் முடிந்த அன்றே, சூடாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். பொழுதுபோக்காக ஓட்டும் வண்டிக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் பிரிக்காத, எண்ணெய் ஃபில்ட்டர் இல்லாத எஞ்சினில் அழுக்கைக் கரைக்கும் நவீன எண்ணெயை ஊற்றினால், அடியில் நிம்மதியாகப் படிந்திருந்த கசடு கிளம்பி பேரிங்குக்குப் போகும்.

கேள்வி: குளிர்ந்த நிலையில் அருமையாக ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் ஓடியதும் தடுமாறி நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு மறுபடி சரியாகிறது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிவிட்டேன்.

பதில்: கார்புரேட்டரை விடுங்கள். சூட்டில் செத்து ஆறியதும் பிழைப்பது மேக்னெட்டோவின் குணம். பழைய சுருள்களின் இன்சுலேஷன் அரக்குப் பூச்சு. அது சூட்டில் இளகி மின்சாரத்தைக் கசியவிடும். அல்லது கண்டென்சர் சூட்டில் விட்டுக்கொடுக்கும். கண்டென்சர்தான் என்றால் பிளாட்டினப் புள்ளிகளுக்கு இடையே பளிச்சென்று நீலப் பொறி தெறிக்கும், புள்ளிகளும் சீக்கிரம் குழிவிழுந்து கருகும்.

உறுதிசெய்ய, எஞ்சின் நின்ற அந்த நிமிடமே சூட்டோடு பொறியைச் சோதியுங்கள். ஆறிய மேக்னெட்டோவை மேசையில் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. புள்ளி இடைவெளி பெரும்பாலானவற்றில் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்; அதையும் பாருங்கள். தீர்வு, சுருளைப் புது ரெசினோடு மறுபடி சுற்றுவதும், புது கண்டென்சர் போடுவதும்தான். காந்தத்துக்கும் அப்போதே மறுசக்தி ஏற்றச் சொல்லுங்கள். ஆர்மேச்சரை வெளியே எடுத்துவைக்கும்போது காந்தத்தின் முனைகளுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைக்காவிட்டால் காந்த சக்தி குறையும்.

கேள்வி: பழைய படங்களில் வண்டி நான்கு சக்கரத்திலும் வழுக்கிக்கொண்டே வளைவில் போகிறது. ஓட்டுநரின் வீரமா, வண்டியின் குறையா?

பதில்: இரண்டுமில்லை, டயரின் இயல்பு. வளைவில் சக்கரம் நோக்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் ஒரு கோணம் விழும். நவீன ரேடியல் டயர் சில டிகிரி கோணத்திலேயே உச்சப் பிடிப்பைத் தந்துவிட்டு, தாண்டினால் பட்டென்று விட்டுவிடும். பழைய கிராஸ்பிளை டயரின் உச்சப் பிடிப்பு அதைவிடப் பெரிய கோணத்தில் இருக்கிறது. விடும்போதும் மெதுவாகவே விடும். அந்தக் கோணத்தில் வண்டியை நிறுத்திவைத்து, ஸ்டியரிங்கைவிட ஆக்ஸிலரேட்டரால் வழிநடத்துவதுதான் அன்றைய ஓட்டுமுறை. 1950களின் ஓட்டுநர்களான ஃபாஞ்சியோவும் ஸ்டர்லிங் மாஸும் மசராட்டி 250எஃப்பை ஓட்டிய விதம் இதன் இலக்கணம்.

இன்று ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிடிப்பு கூடுதலான புது ரப்பரைப் பழைய வண்டியில் மாட்டினால் சுற்று நேரம் குறையும். ஆனால் அந்தப் பிடிப்பின் பளு முழுவதும் ஸ்போக், ஹப், ஸ்டப் ஆக்ஸில் மேல் விழும். அவை அந்தப் பளுவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் ஸ்போக்குகள் தளரும், பிறகு ஹப்பில் விரிசல் காணும்.

கேள்வி: ஸ்போக் சக்கரத்தின் நடு நட்டு தானாகக் கழலாதா? வேறு எதையெல்லாம் தவறாமல் சோதிக்க வேண்டும்?

பதில்: சரியான பக்கத்தில் இருந்தால் கழலாது. வண்டியின் இடப்பக்க ஹப்பில் வழக்கமான வலச்சுற்று மரை, வலப்பக்கத்தில் இடச்சுற்று மரை. அதாவது, வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் தட்டினால் நட்டு கழலும், எதிர்ப்பக்கம் தட்டினால் இறுகும். இதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் எந்த வண்டிக்கும் தடுமாற வேண்டியதில்லை. பழுது பார்த்தபோது யாராவது ஹப்புகளை இடம் மாற்றிப் பூட்டியிருந்தால் ஓட ஓட நட்டு தளரும். புதிதாக வாங்கிய வண்டியில் இதை முதல் நாளே பாருங்கள். பற்களில் மெல்லக் கிரீஸ் பூசி, செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் இறுக்கி, சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

ஸ்போக்குகளை ஒரு ஸ்பானரால் தட்டிக்கொண்டே போங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்ததும் முறிந்ததும் மட்டமாக ஒலிக்கும்.

ஸ்டியரிங் கைகள், ஸ்டப் ஆக்ஸில், ஹப், மெக்னீசியச் சக்கரம் ஆகியவற்றை ஒவ்வொரு பந்தயப் பருவத்துக்கு முன்னும் விரிசல் சோதனைக்கு உட்படுத்துங்கள். சாயச் சோதனையைப் பட்டறையிலேயே செய்யலாம். பெயின்ட், கிரீஸ் எல்லாம் போகச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் தெளித்து, 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு துணியால் துடையுங்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: கரைப்பானை நேரே பாகத்தின் மேல் தெளித்தால் விரிசலுக்குள் புகுந்த சாயமும் கழுவப்பட்டுவிடும். கரைப்பானைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். கடைசியாக வெள்ளைத் தூள் தெளித்துப் பத்து நிமிடம் காத்திருந்தால், விரிசல் சிவப்புக் கோடாக எழும். இரும்புப் பாகங்களுக்குக் காந்தத் தூள் சோதனை இதைவிட நம்பகமானது, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ளதையும் காட்டும். மெக்னீசியத்தில் விரிசல் கண்டால் வெல்டிங் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரம் சுவரில் மாட்டி வைக்கத்தான்.

கேள்வி: எஞ்சினைப் பின்னால் வைப்பது நல்லது என்று தெரிய ஏன் 1950களின் கடைசிவரை ஆனது?

பதில்: 1934லேயே ஆட்டோ யூனியன் 16 சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தது, வெற்றிகளும் கண்டது. ஆனால் அதில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்ததால், வால் வழுக்கத் தொடங்குவது அவர் உடம்புக்குத் தாமதமாகத்தான் எட்டும். பின்சக்கரங்கள் தனித்தனியே ஊஞ்சல்போல் ஆடும் ஊஞ்சல் ஆக்ஸில் வேறு நிலைமையை மோசமாக்கியது. அதனால் ‘பின் எஞ்சின் அடக்க முடியாதது’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1938இல் அவர்களே, பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே குழாயால் இணைக்கும் டி டியோன் ஆக்ஸிலுக்கு மாறி ஓட்டுநரையும் பின்னுக்குத் தள்ளினார்கள், அடுத்த ஆண்டே போர் வந்துவிட்டது.

பிரிட்டிஷ் நிறுவனமான கூப்பர் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தது. 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சங்கிலியால் பின்சக்கரத்தோடு இணைக்க வசதியான இடம் பின்பக்கம்தான். அந்தச் சிறு வண்டிகள் வளர்ந்து வளர்ந்து கிராண்ட் பிரிக்ஸுக்கு வந்தன. ஓட்டுநருக்கு அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை, எனவே அவர் தாழ உட்காரலாம்; காற்றைக் கிழிக்கும் முகப்பும் எடையும் குறையும்; பாரம் நடுவில் சேர்வதால் வண்டி சட்டென்று திரும்பும்.

1958 அர்ஜென்டினா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் இரண்டு லிட்டருக்கும் குறைவான கூப்பரில், 2.4, 2.5 லிட்டர் வண்டிகளை வென்றார். கூப்பரின் சக்கரத்துக்கு நடு நட்டு கிடையாது, நான்கு போல்ட். டயர் மாற்ற நின்றால் நிறைய நேரம் போகும், ஆகவே எப்படியும் தோற்பார் என்று எதிரணியினர் நம்பியிருந்தார்கள். அவர் நிற்கவே இல்லை. டயர் நூல் தெரியத் தேய்ந்த நிலையில், மூன்று வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முடித்தார். 1959, 1960 இரண்டிலும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். முன் எஞ்சின் வண்டி கடைசியாக உலக சாம்பியன்ஷிப் பந்தயம் வென்றது 1960 மோன்ஸாவில். அதையும் முக்கிய பிரிட்டிஷ் அணிகள் புறக்கணித்திருந்தன.

கேள்வி: ஃபாஞ்சியோவின் 1957 நூர்பர்க்ரிங் வெற்றியை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

பதில்: எண்களைப் பாருங்கள். சுற்றுக்கு 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்று. ஃபெராரி அணியினர் நிற்காமல் ஓடத் திட்டமிட்டார்கள். ஃபாஞ்சியோ அரைத் தொட்டி எரிபொருளோடு புறப்பட்டு, இலேசான வண்டியால் முன்னிலை சேர்த்து, நடுவில் நின்று டயரும் எரிபொருளும் மாற்ற எண்ணினார். 12ஆம் சுற்றில் நின்றபோது வேலை இழுத்தது. சேர்த்த முன்னிலை போய், ஃபெராரியின் ஹாதார்னுக்கும் காலின்ஸுக்கும் முக்கால் நிமிட அளவு பின்தங்கினார். அதன்பின் சாதனையைச் சுற்றுக்குச் சுற்று முறியடித்தார். முந்தைய ஆண்டு அவரே வைத்த பந்தயச் சாதனை 9 நிமிடம் 41.6 வினாடி, அன்று 9:17.4. தகுதிச் சுற்றில் அவரே எடுத்த நேரத்தைவிட இது எட்டு வினாடி குறைவு. கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் தாண்டி, 3.6 வினாடியில் வென்றார். அப்போது வயது 46. அதுவே அவருடைய கடைசி கிராண்ட் பிரிக்ஸ் வெற்றி, ஐந்தாவது பட்டத்தையும் அது உறுதிசெய்தது.

கேள்வி: விற்பனைக்கு வரும் பழைய பந்தய வண்டி அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சேஸிஸ் தகடை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வண்டியில் எளிதாகச் செய்யக்கூடிய பாகம் அதுதான். எல்லைச் சுங்க ஆவணங்களோடு பொருந்தட்டும் என்று அணிகளே அந்தக் காலத்தில் தகடுகளை வண்டிக்கு வண்டி மாற்றியிருக்கின்றன. மசராட்டி 250எஃப்களில் சில தொழிற்சாலையிலேயே மறு எண் பெற்றவை.

சட்டகத்திலேயே குத்திய எண்ணைத் தேடுங்கள். எழுத்தின் வடிவத்தையும் ஆழத்தையும் அதே தொழிற்சாலையின் வேறு வண்டியோடு ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸ், ஆக்ஸில், மூடித் தகடுகளின் உட்புறம் என்று மறைவான இடங்களிலும் எண் இருக்கும். அவை ஒன்றோடொன்று பேச வேண்டும். பிறகு அந்தக் காலப் புகைப்படங்கள். பானெட்டில் உள்ள காற்று வெட்டுகளை எண்ணுங்கள், ரிவெட் இடைவெளியைப் பாருங்கள், எரிபொருள் மூடி எந்தப் பக்கம் என்று பாருங்கள். வண்டிகள் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றப்பட்டவை, ஆகவே எந்தத் தேதியின் படம் என்பது முக்கியம். உடைந்த வண்டியின் சட்டகம் ஒருவரிடமும் எஞ்சின் இன்னொருவரிடமும் போய், இருவருமே முழு வண்டி கட்டி ஒரே எண்ணைக் கோருவதும் உண்டு. அங்கே ‘அசல் எது’ என்று கேட்பதைவிட ‘எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது’ என்று எழுதி வாங்குவதே பயனுள்ளது.

சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டைக் காட்டி ‘அசல்’ என்று விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். வண்டியின் அமைப்பு அதன் காலத்து விவரக்குறிப்போடு பொருந்துகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. நன்றாகக் கட்டிய நகலுக்கும் அது கிடைக்கும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், பழைய பெயின்டைச் சுரண்டும் முன் ஒவ்வொரு பகுதியையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அடுக்குகளில் பந்தய எண்கள், முந்தைய அணியின் நிறம், ஒட்டுப்போட்ட அடையாளம் எல்லாம் இருக்கும். தெரியாத ஒரு மூலையில் கைக்குட்டை அளவு இடத்தையாவது சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றி மாற்றிய பழைய பாகங்களில் தேதி குறித்த சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வைத்து, வண்டியை விற்கும்போது அந்தப் பெட்டியையும் சேர்த்தே கொடுங்கள்.